கலப்பைக்கும் டிராக்டருக்கும் முடிச்சுப் போட்டவர்!

ஐப்பசி மழை இறங்கியதும் திருத்தங்கலைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் உழவு சூடு பிடித்துவிடும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே உழுது முடித்தாக வேண்டும். பத்து நாள் வெயில் அடித்தால் போதும், கரிசல் இறுகிப் பாறையாகிவிடும்.

முன்பு இந்த வேலையை ஏர் மாடுகள் செய்தன. இப்போது ஊருக்கு ஊர் மாடு குறைந்துவிட்டது. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் ஆட்களை இழுத்துக்கொண்டன. உழவுக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. அதனால் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள்கூட மினி டிராக்டரைத் தேடுகிறார்கள். ஜப்பான் நாட்டு மினி டிராக்டர்களும் அவற்றில் உண்டு.

வண்டி சிறியது. 20 முதல் 27 குதிரைச் சக்தி வரை இருக்கும். வரப்பு ஓரத்திலும் வளைந்து திரும்பும்.

அந்த வண்டியின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். மூன்று இரும்புக் கைகள் தெரியும். கீழே இரண்டு, மேலே ஒன்று. கலப்பையானாலும், ரொட்டவேட்டரானாலும், விதைக்கும் கருவியானாலும் அந்த மூன்று கைகளில்தான் மாட்ட வேண்டும்.

வண்டி ஜப்பானில் பிறந்தது. ஆனால் அந்த மூன்று கைகள் அங்கே பிறந்தவை அல்ல. அயர்லாந்து நாட்டில் ஒரு விவசாயியின் மகன் கண்டுபிடித்தவை அவை. அந்தக் கைகள் வருவதற்கு முன், டிராக்டர் தன்னை ஓட்டியவரையே கொன்றது. ஒருவர் இருவரை அல்ல, பல பேரை!

உழவரின் உயிரைக் காத்த அந்த மனிதரின் பெயர், ஹாரி பெர்குசன்.

நிலத்தை வெறுத்த மகன்

1884-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி, அயர்லாந்தின் வடபகுதியில் டவுன் மாவட்டத்தைச் சேர்ந்த குரோவெல் என்னும் சிற்றூரில் பெர்குசன் பிறந்தார். பெற்றோருக்குப் பதினொரு பிள்ளைகள். அவர்களில் ஹாரி நான்காவது.

தந்தைக்குச் சொந்த நிலம் இருந்தது. பக்தி மிகுந்தவர், கண்டிப்பானவர். பிள்ளைகள் எல்லோரும் வயலில் பாடுபட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

ஹாரி பதினான்கு வயதில் பள்ளியை விட்டார். வயலில் இறங்கினார். ஆனால் அவருக்கு ஒல்லியான உடம்பு. குதிரைகளின் பின்னால் நாள் முழுவதும் நடந்து உழுவதும், சேற்றில் நின்று சுமை தூக்குவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. தந்தையோடு அடிக்கடி மோதல் வந்தது. கப்பல் ஏறிக் கனடாவுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

அந்த நேரத்தில் அண்ணன் ஜோ கை கொடுத்தார். பெல்பாஸ்ட் நகரில் சைக்கிளும் மோட்டாரும் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை அவர் நடத்திவந்தார். 1902-ம் ஆண்டில் தம்பியை அங்கே சேர்த்துக்கொண்டார்.

வயலில் மந்தமாக இருந்த பையன் பட்டறையில் சூரனாகிவிட்டார். ஓடாத எஞ்சினை ஓட வைப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று பெயர் வந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் கலந்துகொண்டார்.

ஆகாயத்தில் பறந்தார்

அப்போது உலகம் முழுவதும் விமானப் பேச்சாக இருந்தது. அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903-ம் ஆண்டிலேயே பறந்து காட்டிவிட்டார்கள். நாமும் பறந்தால் என்ன என்று ஹாரிக்குத் தோன்றியது.

விமானக் கண்காட்சிகளுக்குப் போனார். அங்கிருந்த விமானங்களைக் கண்ணால் அளந்துகொண்டு வந்தார். பெல்பாஸ்ட் பட்டறையிலேயே சொந்தமாக ஒரு விமானத்தைக் கட்டினார்.

1909-ம் ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31. பலமான காற்று வீசியது. ஹில்ஸ்பரோ என்ற இடத்தில் விமானத்தைக் கிளப்பினார். அது தரையை விட்டு எழுந்தது. சுமார் 130 கஜ தூரம் பறந்து இறங்கியது.

தூரம் கொஞ்சம்தான். ஆனால் அயர்லாந்து மண்ணிலிருந்து எஞ்சின் விமானத்தில் முதன்முதலாகப் பறந்தவர் அவரே. அப்போது அவருக்கு வயது 25.

அடுத்து வந்த நாட்களில் விமானம் பல முறை உடைந்தது. ஒவ்வொரு முறையும் அவர் அதைக் கட்டி எழுப்பினார். இந்த ஆபத்தான விளையாட்டு அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. 1911-ம் ஆண்டில் ஹாரி பிரிந்து வந்து, பெல்பாஸ்ட் நகரில் சொந்தமாக மோட்டார் வியாபாரம் தொடங்கினார். 1913-ம் ஆண்டில் மோரீன் என்ற பெண்ணை மணந்தார்.

வெறுத்த நிலம் கூப்பிட்டது

1914-ம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. பிரிட்டனுக்கு உணவு ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. உள்நாட்டிலேயே அதிகமாகப் பயிர் செய்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் உழுவதற்கு ஆளும் இல்லை, குதிரையும் இல்லை. இரண்டும் போர்முனைக்குப் போய்விட்டன.

அமெரிக்காவிலிருந்து டிராக்டர்கள் வந்து இறங்கின. அவற்றை ஓட்டத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. டிராக்டர் விற்பனையிலும் ஈடுபட்டிருந்த பெர்குசனை அரசாங்கம் நாடியது. அயர்லாந்து முழுவதும் சுற்றி, டிராக்டர் உழவு சரியாக நடக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1917-ம் ஆண்டில் கேட்டுக்கொண்டது.

தம் பட்டறைத் தொழிலாளியான வில்லி சாண்ட்ஸ் என்பவரை அழைத்துக்கொண்டு பெர்குசன் கிளம்பினார். எந்த நிலத்தை வெறுத்து ஓடினாரோ, அந்த நிலத்துக்கே திரும்பி வந்தார்! குளிரிலும் சேற்றிலும் ஊர் ஊராகப் போனார்கள். டிராக்டர்களை ஓட்டிப் பார்த்தார்கள். விவசாயிகளின் குறைகளைக் கேட்டார்கள்.

அந்தப் பயணத்தில் பெர்குசனுக்கு ஓர் உண்மை புரிந்தது.

எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் பலமான எஞ்சின் வேண்டும் என்றார்கள். ஆனால் கோளாறு எஞ்சினில் இல்லை. டிராக்டரும் கலப்பையும் சேரும் இடத்தில் இருந்தது!

ஆளைக் கொன்ற சங்கிலி

அந்தக் காலத்து டிராக்டர் என்பது வெறும் இழுவை வண்டி. குதிரையை அவிழ்த்துவிட்டு, அது இழுத்த கலப்பையைச் சங்கிலியாலோ கம்பியாலோ டிராக்டரின் பின்னால் கட்டினார்கள்.

நம் ஊர் ஏரை எண்ணிப் பாருங்கள். ஆசாரி ஏர்க்காலை மாட்டின் உயரம் பார்த்துச் செதுக்குவார். நுகத்தடியின் நீளத்தைப் பயிர் வரிசையின் இடைவெளி பார்த்து வைப்பார். மாடும் ஏரும் ஒன்றாக இயங்கினால்தான் உழவு நன்றாக வரும். டிராக்டரைச் செய்தவர்களுக்கு இந்த எண்ணமே தோன்றவில்லை. வண்டி ஒருவர் செய்தது. கலப்பை வேறொருவர் செய்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதனால் இரண்டு தீமைகள் விளைந்தன.

முதலாவது, டிராக்டரின் எடை. சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பிடித்து இழுக்க வேண்டுமானால் வண்டி கனமாக இருக்க வேண்டும். வண்டி கனத்தால் மண் இறுகும். எண்ணெய்ச் செலவும் கூடும். சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது தீமை கொடியது. உழுதுகொண்டிருக்கும்போது கலப்பை ஒரு கல்லிலோ வேரிலோ சிக்கிக்கொள்ளும். பின் சக்கரம் நின்றுவிடும். ஆனால் எஞ்சின் நிற்காது. சக்கரத்தைச் சுற்ற முடியாத எஞ்சினின் பலம் வண்டியின் முன்பகுதியைத் தூக்கும். முரட்டுக் குதிரை முன்னங்கால்களைத் தூக்குவதுபோல டிராக்டர் எழும்பும். கண் இமைக்கும் நேரத்தில் மல்லாந்து, ஓட்டுபவர் மேலேயே விழும்.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு செய்த போர்ட்சன் டிராக்டர் மலிவானது, லட்சக்கணக்கில் விற்றது. அந்த வண்டியிலும் இந்த ஆபத்து இருந்தது. பல உழவர்கள் அதனடியில் நசுங்கி இறந்தார்கள்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பது என்று பெர்குசன் உறுதி பூண்டார்.

மூன்று கைகள் பிறந்தன

பெர்குசனும் வில்லி சாண்ட்சும் முதலில் ஒரு லேசான கலப்பையைச் செய்தார்கள். அதற்கு பெல்பாஸ்ட் கலப்பை என்று பெயர். சங்கிலி கிடையாது, சக்கரம் கிடையாது. நேராக வண்டியோடு பொருந்தும். ஆனால் அது எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டதோ, அந்த வண்டி சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. கலப்பையும் வீணாயிற்று.

பெர்குசன் சோர்ந்துவிடவில்லை. போர்ட்சன் டிராக்டருக்குப் பொருந்தும் கலப்பையைச் செய்யத் தொடங்கினார். போர்டு அவருக்குத் தம்மிடம் வேலை தருவதாகச் சொன்னார். பெர்குசன் ஏற்கவில்லை. கண்டுபிடிப்பைக் கைவிட்டுச் சம்பளத்துக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை.

ஆண்டுகள் ஓடின. ஒரு மாதிரியைச் செய்வார்கள், வயலில் ஓட்டுவார்கள், பிரித்துப் போடுவார்கள், மறுபடியும் செய்வார்கள். கடைசியில், கருவியை டிராக்டரோடு இணைத்து, உழும் ஆழத்தையும் தானாகவே ஒழுங்கு செய்யும் முறைக்கு 1925-ம் ஆண்டில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

அந்த முறை எப்படி வேலை செய்கிறது?

கீழே உள்ள இரண்டு கைகள் கலப்பையை இழுக்கும். மேலே உள்ள ஒற்றைக் கை வேறு வேலை செய்யும். கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது அதன் அடிப்பக்கம் பின்னால் இழுபடும். தலைப்பக்கம் முன்னால் சாயப் பார்க்கும். அப்போது மேல்கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதல் வண்டியின் முன் சக்கரங்களைத் தரையோடு அமுக்கி வைக்கும்.

கலப்பை எவ்வளவு கடினமாக இழுக்கிறதோ, அவ்வளவு பலமாக மேல்கை தள்ளும். முன்பக்கத்தைத் தூக்கி ஆளைக் கொன்ற அதே இழுவை, இப்போது முன்பக்கத்தை அமுக்கி ஆளைக் காத்தது!

கலப்பையின் எடையும், அதைக் கீழே இழுக்கும் மண்ணின் பிடிப்பும் பின் சக்கரங்கள் மேல் இறங்கின. அதனால் லேசான வண்டியும் வழுக்காமல் இழுத்தது. பம்பு ஒன்று உண்டாக்கிய எண்ணெய் அழுத்தம் கைகளைத் தூக்கி இறக்கியது. மண் கடினமானால் கலப்பை தானாகச் சற்று மேலே வரும். மண் இளகினால் தானாக இறங்கும். ஓட்டுபவர் விரலால் ஒரு நெம்புகோலைத் தொட்டால் போதும்.

வண்டி வேறு, கலப்பை வேறு என்ற நிலை போயிற்று. இரண்டும் ஒரே உடம்பாயின.

வாங்கத் தயங்கினார்கள்

வழி கிடைத்தது. ஆனால் செய்து விற்பவர் கிடைக்க வேண்டுமே! அமெரிக்காவில் பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு பெர்குசன் கலப்பை செய்தார். 1928-ம் ஆண்டில் போர்டு அமெரிக்காவில் டிராக்டர் செய்வதை நிறுத்தினார். கலப்பை வியாபாரமும் படுத்தது.

இனி அடுத்தவர் வண்டியை நம்பிப் பயனில்லை என்று பெர்குசன் முடிவு செய்தார். 1933-ம் ஆண்டில் தாமே ஒரு டிராக்டரைக் கட்டினார். அதற்குக் கறுப்பு வண்ணம் பூசினார். இங்கிலாந்தில் பல்சக்கரங்கள் செய்துவந்த டேவிட் பிரவுன் கம்பெனி அதைத் தயாரிக்க முன்வந்தது. 1936-ம் ஆண்டில் விற்பனை தொடங்கியது.

ஆனால் விவசாயிகள் தயங்கினார்கள். வண்டியின் விலை அதிகம். அது மட்டுமல்ல; வீட்டில் இருக்கும் பழைய கலப்பை இந்த வண்டிக்குப் பொருந்தாது. கலப்பை, பார் பிடிக்கும் கருவி, களை எடுக்கும் கருவி எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். சுமார் 1,350 வண்டிகளோடு அந்தக் கூட்டு முறிந்தது.

கை குலுக்கினார்கள், காகிதம் எழுதவில்லை!

1938-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பெர்குசன் தம் டிராக்டரையும் கருவிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனார். ஹென்றி போர்டின் பண்ணையில் உழுது காட்டினார். பக்கத்தில் வேறு டிராக்டர்களும் உழுதன. பெர்குசனின் சின்னஞ்சிறு வண்டி அவற்றை மிஞ்சியது.

போர்டும் விவசாயியின் மகன்தான். அவர் அசந்துபோனார். ஒரு மேசையையும் நாற்காலிகளையும் வயலுக்கே கொண்டுவரச் சொன்னார். பெர்குசன் கையில் ஒரு பொம்மை டிராக்டர் வைத்திருந்தார். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை அது. அதை மேசை மேல் ஓடவிட்டுத் தம் முறையை விளக்கினார்.

பேச்சு முடிந்தது. போர்டு டிராக்டரைச் செய்வது. பெர்குசன் கருவிகளையும் விற்பனையையும் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இருவரும் எழுந்து கை குலுக்கினார்கள். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, சாட்சியாக ஒரு வக்கீலும் இல்லை. உலகத்தின் மிகப் பெரிய தொழிலதிபரும், அயர்லாந்து நாட்டு மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் வெறும் வாய்ச்சொல்லால் நம்பினார்கள்.

1939-ம் ஆண்டு ஜூன் மாதம் புதிய டிராக்டர் வெளிவந்தது. விலை 585 டாலர். அந்த வண்டியும் அதன் அடுத்த மாதிரியும் சேர்ந்து 1947-க்குள் 3 லட்சத்துக்கு மேல் விற்றன.

சொல் தவறியது

ஹென்றி போர்டுக்கு வயதாகிவிட்டது. 1945-ம் ஆண்டில் அவர் பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு தலைமைப் பொறுப்புக்கு வந்தார். டிராக்டர் தொழிலில் கம்பெனிக்கு நஷ்டம் என்று கணக்குக் காட்டினார்கள். தாத்தா கொடுத்த வாக்குக்குப் பேரன் கட்டுப்படவில்லை. கூட்டு முடிந்தது என்று பெர்குசனுக்குத் தெரிவிக்கப்பட்டது. 1947-ம் ஆண்டில் தாத்தாவும் காலமானார். அதே ஆண்டில் போர்டு கம்பெனி புதிய டிராக்டரைத் தானே விற்கத் தொடங்கியது. அதன் பின்னாலும் அதே மூன்று கைகள் இருந்தன!

பெர்குசன் கொதித்துப்போனார். 1948-ம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். அவர் முதலில் கேட்ட இழப்பீடு 25 கோடியே 10 லட்சம் டாலர். உலகம் திகைத்தது.

வழக்கு நான்கு ஆண்டுகள் இழுத்தது. 1952-ம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. போர்டு கம்பெனி 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. கேட்டதில் அது சிறு பங்குதான். ஆனால் கண்டுபிடிப்புக்கு உரிமை உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது.

அன்று வயலில் ஒரு காகிதம் எழுதியிருந்தால், இந்த நான்கு ஆண்டு அலைச்சல் அவருக்கு இருந்திருக்காது.

சாம்பல் நிற வண்டி

வழக்கு நடந்தபோது பெர்குசன் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அவருக்காக டிராக்டர் செய்து கொடுத்தது. 1946-ம் ஆண்டில் முதல் வண்டி வெளிவந்தது. சாம்பல் நிறம். இங்கிலாந்து மக்கள் அதைச் செல்லமாகச் சாம்பல் பெர்குசன் என்றே அழைத்தார்கள்.

அந்த வண்டியின் பலம் சுமார் 25 குதிரைச் சக்தி. ஆம், இன்று நாம் மினி டிராக்டர் என்று சொல்லும் வண்டியின் பலம்தான்! அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்து விவசாயிகள் உழுதார்கள்; விதைத்தார்கள்; புல் அறுத்தார்கள்; பாரம் இழுத்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்றே அளவெடுத்துச் செய்த கருவியைப் பெர்குசன் கொடுத்தார்.

கருவியை மாற்றுவது சில நிமிட வேலை. அதற்கும் ஒரே ஒரு ஸ்பேனர் போதும். அந்த ஸ்பேனரில் அளவுகோல் போலக் கோடு போட்டிருக்கும். கருவியை அளந்து வைக்கவும் அதுவே. தொட்டியில் எண்ணெய் எவ்வளவு என்று பார்க்கவும் அதுவே!

1956 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான சாம்பல் பெர்குசன்கள் தயாராயின. எவரெஸ்ட் சிகரத்தை வென்ற எட்மண்ட் ஹில்லாரி, 1958-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி தென்துருவத்தை அடைந்தார். பனியில் அவர் ஓட்டிச் சென்றதும் பெர்குசன் டிராக்டர்களைத்தான்.

பத்து லட்சம் டாலருக்கு நாணயம் சுண்டினார்

1953-ம் ஆண்டில் தம் தொழிலைக் கனடா நாட்டு மாசி-ஹாரிஸ் கம்பெனியோடு பெர்குசன் இணைத்தார். விலை பேசும்போது பத்து லட்சம் டாலரில் இழுபறி வந்தது. நாணயம் சுண்டிப் பார்க்கலாம் என்று பெர்குசன் சொன்னார். நாணயம் சுழன்று விழுந்தது. பெர்குசன் தோற்றார். பத்து லட்சம் டாலர் போயிற்று. அவர் அதைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அந்தக் கம்பெனிதான் 1958-ம் ஆண்டு முதல் மாசி பெர்குசன் என்று பெயர் பெற்றது. ஆனால் கூட்டுக் கம்பெனியில் பெர்குசனுக்கு மனம் ஒட்டவில்லை. இணைத்த அடுத்த ஆண்டே விலகிக்கொண்டார். மீதி நாட்களை, நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் மோட்டார் காரைச் செய்வதில் செலவிட்டார்.

1960-ம் ஆண்டு அக்டோபர் 25-ந்தேதி, இங்கிலாந்தில் தம் வீட்டில் ஹாரி பெர்குசன் காலமானார். அவருக்கு வயது 75.

நம் நாட்டுக்கு வந்த கைகள்

அவர் மறைந்த அதே 1960-ம் ஆண்டில் வேறு இரண்டு காரியங்கள் நடந்தன.

சென்னையில் டாபே கம்பெனி பிறந்தது. ஆழ்வார்திருநகரியில் பிறந்த அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது அது. மாசி பெர்குசன் டிராக்டர்களை அது தமிழ்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. பெர்குசனின் பெயர் நம் ஊர் வண்டிகளிலும் ஏறியது.

ஜப்பானில் குபோட்டா கம்பெனி தன் முதல் வயல் டிராக்டரை வெளியிட்டது. அதன் பலம் 15 குதிரைச் சக்தி. ஜப்பானில் வயல்கள் சிறியவை. ஆகவே ஜப்பானியர் சிறிய வண்டிகளையே மேலும் மேலும் திருத்தமாகச் செய்தார்கள். அந்த வகை வண்டிகள்தான் இன்று நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடுகின்றன.

பெர்குசனின் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. இன்று உலகத்தில் எந்தக் கம்பெனி டிராக்டர் செய்தாலும் அந்த மூன்று கைகளை வைக்கிறது. அவற்றின் அளவுகளும் உலகம் முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்டுவிட்டன.

பொருத்தம் பார்த்து வாங்குங்கள்

மினி டிராக்டர் வாங்குகிறவர் வண்டியின் விலையைப் பத்துக் கடைகளில் விசாரிக்கிறார். கருவியை மட்டும், கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுகிறார். பெர்குசன் வாழ்நாள் முழுவதும் எதிர்த்துப் போராடிய தவறு இதுதான். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். கருவிக்கு நான்கு பொருத்தமாவது பார்க்க வேண்டாமா?

ஒன்று, முளையின் பருமன். சின்ன வண்டிகளின் கைகளில் இரண்டு அளவுகள் உண்டு. மிகச் சிறிய வண்டிகளில் முளை 16 மில்லிமீட்டர். அடுத்த அளவில் கீழ்முளை 22 மில்லிமீட்டர். மேல்முளை 19 மில்லிமீட்டர். பெரிய துளையில் சிறிய முளையைச் செருகி ஓட்டினால் ஆட்டம் காணும், துளை தேயும், ஒரு நாள் முறியும்.

இரண்டு, அகலம். ரொட்டவேட்டர் இரண்டு பின் டயர்களின் தடத்தையும் மூட வேண்டும். இல்லாவிட்டால் டயர் மிதித்த இடம் உழாமல் நிற்கும். அதற்காகப் பெரிய வண்டியின் அகலமான ரொட்டவேட்டரை மாட்டினால், கரிசலில் எஞ்சின் திணறும். 24 குதிரைச் சக்தி வண்டிக்குச் சுமார் மூன்றரை, நான்கு அடி போதும். பெரிய வண்டிக்கு ஒன்பது கலப்பை என்றால், இதற்கு ஐந்து கலப்பை.

மூன்று, எடை. வண்டி எத்தனை கிலோ தூக்கும் என்று அதன் புத்தகத்தில் எழுதியிருக்கும். கருவி அதற்குள் அடங்க வேண்டும். தூக்கியவுடன் முன் சக்கரம் லேசாகிவிட்டால் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது. முன்னால் எடைக்கட்டு போட வேண்டும். அல்லது லேசான கருவி வாங்க வேண்டும்.

நான்கு, சுழலும் வேகம். ரொட்டவேட்டரைச் சுழற்றும் தண்டின் வேகம் கருவியில் எழுதியிருக்கும். 540 சுற்று என்று இருந்தால் வண்டியின் கியரும் அதே அளவில் இருக்க வேண்டும். கூடுதல் வேகத்தில் ஓட்டினால் கருவி கெடும். சுழலும் தண்டின் மேல் மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது. வேட்டி நுனியும் சேலைத் தலைப்பும் அதில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

கடைசியாக ஒன்று. இது உயிர் சம்பந்தப்பட்டது.

வேலிக்கருவையின் தூரைப் பிடுங்க, சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க, சிலர் கயிற்றையோ சங்கிலியையோ மேல்கை மாட்டும் இடத்தில் கட்டி இழுக்கிறார்கள். அப்படி ஒருபோதும் கட்டாதீர்கள். மேல்கை தள்ளுவதற்காக வைக்கப்பட்டது. இழுப்பதற்காக அல்ல. அங்கே கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கும், வண்டி மல்லாரும். நூறு ஆண்டுகளுக்கு முன் போர்ட்சன் டிராக்டர் ஆளைக் கொன்றது அப்படித்தான். கயிறு கட்ட வேண்டுமானால், அடியில் தாழ்வாக இருக்கும் இழுவைக் கொக்கியில் கட்டுங்கள்.

ஏர் பிடிக்கப் பிடிக்காமல் ஓடிப்போன பையன், ஏர் பிடிப்பவர்களுக்காகவே தம் ஆயுளைச் செலவிட்டார். வண்டியின் பலத்தை அவர் பெரிதாக நினைக்கவில்லை. வண்டியும் கருவியும் ஒன்றுக்கொன்று இசைந்து போவதையே பெரிதாக நினைத்தார். அந்த இசைவு இருந்தால் சின்ன வண்டி போதும்; சின்ன நிலமும் சோறு போடும்.